சத்து வில்லைக்கு ஒருசந்தி

"மருந்து மாத்திரை ஏதும் எடுக்கியளா?" என்று டாக்டர் சண்முகவடிவு கேட்டபோது, "ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்றார் இஞ்ஞாசி. பக்கத்தில் நின்ற அவர் மனைவி தெக்லாவும், "தலைவலிக்குக் கூட ஒரு மாத்திரை போட மாட்டாவ" என்று சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. பிற்பாடு வடிவுக்கு ஆற்றவே முடியாத ஆத்திரம் வந்தது அதனால்தான். பொய் சொல்லியிருந்தால் அவர்கள் மீதாவது கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம்.

அன்றைக்கு அது சாதாரணக் கேஸ். இஞ்ஞாசியின் வலது கால் பெருவிரல் முட்டியில் சிவந்து வீங்கிப் பளபளத்தது. மின்விசிறிக் காற்று பட்டாலே பல்லைக் கடித்தார். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற எவருக்கும் இந்தக் காலைப் பார்த்ததும் தெரியும், ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி மூட்டில் உப்பாகப் படிந்து வருகிற வாதம். ரத்தப் பரிசோதனையும் அதைத்தான் சொன்னது. கூடவே சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருப்பதாகச் சொன்னது.

"சாதாரண வலி மாத்திரை உங்க கிட்னிக்கு ஆகாது. இன்னொரு மாத்திரை இருக்கு, அதுவும் கிட்னிக்கு யோசிச்சுத்தான் குடுக்கணும். அதனால அஞ்சு நாளைக்கு ஸ்டீராய்டு தாரேன். காலையில சாப்பிட்டதும் போடுங்க. மத்தி, நெத்திலி, எறா மூணும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

"அப்போ வீட்டுல அடுப்பே பத்த வைக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் தெக்லா.

மூன்று பேரும் சிரித்தார்கள். இஞ்ஞாசி கூட, வலியோடு வலியாக.

நான்காம் நாள் காலையில் அவரை ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கால் வீக்கம் வெகுவாக வடிந்திருந்தது. ஆனால் ஆள் ஆளாகவே இல்லை. கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. கை இரண்டும் காற்றில் எதையோ பிடித்து அசைத்துக்கொண்டிருந்தன. "பெட்டி ஆடுதுல, கயித்தத் தளத்து, தளத்துல" என்று யாரையோ அதட்டினார். ரத்த அழுத்தம் இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மாத்திர போட்ட அன்னைக்கு ராத்திரில இருந்து ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது டாக்டர்" என்றாள் தெக்லா. "என்னைய யாருன்னு கேக்காவ."

ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். பிரஷரையும் சற்று ஏற்றும், சிலருக்கு மனதையும் பரபரக்க வைக்கும். வடிவுக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் இந்த அளவுக்கு, இந்த வேகத்தில் என்றால் வேறு ஏதோ ஒன்று கூடச் சேர்ந்திருக்க வேண்டும். தூக்க ஊசி போட்டாள். இஞ்ஞாசியின் இமைகள் சரிந்தன, உடம்பு தளர்ந்தது. தெக்லா சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்குவதற்குள் யாரோ உலுக்கிவிட்டதுபோல அவர் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் கயிற்றைத் தளர்த்தச் சொன்னார்.

வடிவு அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். இடது புஜத்தில், தோலுக்கு அடியில், பட்டாணி அளவுக்கு ஒன்று நெருடியது.

"இது என்ன தெக்லா?"

"அதா? அது சத்து, டாக்டர்."

"என்ன சத்து?"

"கம்பேனியில வைக்கிற சத்து வில்ல. கிரேன்காரவுக எல்லாருக்கும் இருக்கு. வேலையில கண்ணு சொக்காம இருக்கதுக்கு."

அது எந்தக் கம்பெனி என்று வடிவுக்குப் புரிந்தது. நெய்தல் முனையம் என்று ஊருக்குத் தெற்கே ஆறேழு வருஷத்துக்கு முன்னால் எழும்பிய சரக்குத் துறைமுகத்தில் கிரேன் மேல் ஆளே கிடையாது. ஊருக்குள் ஒரு குளிரூட்டிய மாடியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, விரலால் பெட்டிகளை இறக்குவார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அங்கே எவரும் தூங்கி வழிவதில்லை என்று கம்பெனி விளம்பரப் பலகைகளில் பெருமை அடித்துக்கொள்வதை அவளும் பார்த்திருக்கிறாள். எப்படி வழியாமல் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. டாக்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டு அதை யோசிக்காமல் போனோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"இத ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"நீங்க மருந்துல்லா கேட்டிய?" என்றாள் தெக்லா, குழப்பத்தோடு. "இது சத்துதான?"

வடிவு கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

ஆட்டோவில் கூட வந்த இரண்டு பேரும் இஞ்ஞாசியோடு வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் மூத்தவர் ரெத்தினம் விவரம் சொன்னார். வில்லைக்குள் ஊக்க மருந்து இருக்கிறது. கவனம் குறைந்தால் வில்லைக்கே தெரியும். உடனே இன்னும் கொஞ்சம் உள்ளே விடும். ஷிஃப்ட் முடிந்ததும் நின்றுவிடும்.

"அப்ப இவருக்கு ஏன் நிக்கல? இவருதான் லீவுல இருக்காரே?"

"லீவு எங்கம்மா குடுத்தான்?" என்று ரெத்தினம் சீறினார். "கால் வலின்னு எழுதிப் போட்டாரு. கிரேன் ஓட்டதுக்குக் கை போதும், காலு எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டான். மூணு ராத்திரியும் கால ஸ்டூல்ல தூக்கி வச்சுக்கிட்டு ஓட்டுனாரு. நேத்துப் பெட்டியக் கப்பல் மேலயே இடிச்சிட்டாரு. எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு. அவன் கணக்குல இன்னும் டூட்டியிலதான் இருக்காரு."

வடிவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது, விளங்க விளங்கக் காது மடல் சுட்டது. கால் வலித்தது, வலியில் கவனம் சிதறியது. கவனம் சிதறியதும் வில்லை மருந்தைக் கூட்டியது. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்தது, தூக்கமில்லாமல் கவனம் இன்னும் குறைந்தது, வில்லை இன்னும் கூட்டியது. அவள் தூக்க ஊசி போட்டதும் வில்லை அதோடும் மல்லுக்கு நின்றது. மனிதனைக் காப்பாற்ற அவள் எதைச் செய்தாலும் அந்தப் பட்டாணி அதற்கு எதிர்வேலை பார்த்தது. இன்னொரு இரவு இப்படிப் போனால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம், இல்லாவிட்டால் இதயம் நின்றுவிடலாம்.

அறுத்து எடுத்துவிடலாமா என்றால், வில்லையைச் சேதப்படுத்தினால் உள்ளே மிச்சமிருப்பது மொத்தமும் ரத்தத்தில் இறங்கிவிடுமாம். யாரும் மருந்தைத் திருடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றார் ரெத்தினம். திருடனுக்குப் பயந்து மனுஷன் உடம்புக்குள்ளே பூட்டுப் போட்ட புண்ணியவான்கள்.

வடிவு போனில் நடந்ததையெல்லாம் சொன்னதும், கம்பெனியின் நலவாழ்வு அதிகாரி பிரசன்னா அரை மணி நேரத்தில் காரில் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான குரல். நோயாளிக்காகப் பழக்கூடை ஒன்றும் கொண்டுவந்தார். கட்டிலில் இஞ்ஞாசி காற்றில் கிரேன் ஓட்டுவதைப் பார்த்ததும் ஒரு கணம் அவர் முகம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டார்.

"இதை உடனே நிறுத்துங்க சார்" என்றாள் வடிவு.

"எனக்கும் நிறுத்தணும்னுதான் மேடம். ஆனா ஷிஃப்ட்ல இருக்கிறவருக்குச் சத்தை நிறுத்த எங்க சிஸ்டத்துல வழியே கிடையாது."

"லீவு குடுத்துட்டா நின்னுரும்ல? குடுங்க."

"கப்பல்ல இடிச்சதுக்கு விசாரணை இருக்கு. விசாரணை முடியற வரைக்கும் லீவு போட முடியாது. அவர் டூட்டியில இருக்கறதா வச்சிருக்கணும், அதான் ரூல்."

"சரி. டாக்டர் நான் எழுதித் தாரேன், இந்த மருந்து இவர் உயிருக்கு ஆபத்து, நிறுத்தியே ஆகணும்னு."

பிரசன்னா சங்கடமாகச் சிரித்தார். "மருந்துன்னா நீங்க எழுதின உடனே நிறுத்தியாகணும் மேடம். சட்டம் அப்படித்தான். ஆனா இது மருந்து இல்லையே. உணவுச் சத்துன்னு பதிவு பண்ணியிருக்கோம். உணவை நிறுத்தச் சொல்லி டாக்டர் உத்தரவு போட முடியாதுன்னு எங்க வக்கீல் சொல்றார்."

"நாலு நாளா ஒரு மனுஷனத் தூங்க விடாம வச்சிருக்கிற வஸ்து உணவா?"

"காபி கூடத் தூங்க விடாது மேடம்."

வடிவுக்குக் கோபம் தலைக்கேறியது. கையில் இருந்த பேனாவை மேஜை மேல் போட்டாள். "சார், ஊக்க மருந்து எடுக்கிறவங்களுக்கு ஸ்டீராய்டு குடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. குடுக்கலாம். தெரிஞ்சு குடுக்கணும். ஊக்க மருந்தைக் குறைச்சு, பிரஷரைப் பாத்துப் பாத்து, ஜாக்கிரதையாக் குடுப்போம். மருந்துன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லி வச்சிருந்தா இவர் இப்படிக் கிடக்க மாட்டார். அந்த வார்த்தையை ஒளிச்சு வச்சீங்க பாருங்க, அதுதான் இவரைக் கொல்லுது."

"நோயாளி தகவலை மறைச்சதா எங்க விசாரணையில வருது" என்றார் பிரசன்னா, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க கேட்டதுக்கு எந்த மருந்தும் எடுக்கலைன்னு சொன்னார்னு நீங்கதான போன்ல சொன்னீங்க."

கம்பெனியிடம் மருந்தே கிடையாது. இவர் மட்டும் மருந்தை மறைத்துவிட்டார். இரண்டையும் ஒரே வாயால், ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பழக்கூடையை வைத்துவிட்டுப் போனார். வடிவு அந்தக் கூடையைத் தூக்கி வராந்தாவில் வைத்தாள். வீசி எறியத்தான் நினைத்தாள், ஆப்பிள் என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டாள்.

உள்ளே தெக்லா புருஷன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். பிரசன்னா பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"அவன் சொல்லுதது பொய் டாக்டர். நிறுத்த வழி இருக்கு. பெரிய வெள்ளிக்கிழம நிறுத்துதான்லா?"

"என்னது?"

"சத்துன்னா சாப்பாடுதான? சாப்பாடு உள்ள போனா ஒருசந்தி விரதம் முறிஞ்சிரும்லா? அதான் முந்தி ஒரு தவக்காலத்துல எங்க ஆளுவ எல்லாரும் சண்ட புடிச்சாவ. காயல்பட்டணத்துக்காரவுக ரம்சான் நோம்புக்குச் சண்ட புடிச்சாவ. அப்புறந்தான் போன்ல ஒரு பொத்தான் வச்சுக் குடுத்தாவ. ஒருசந்தின்னு அமுக்குனா மறுநா விடிய வரைக்கும் வில்ல சும்மா கிடக்கும். டூட்டியில இருந்தாலும் கிடக்கும்."

வடிவு அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

உயிர் போகிறது என்று டாக்டர் கெஞ்சினால் நிற்காது. சாமிக்கு விரதம் என்றால் நிற்கும். மருந்தைச் சாப்பாடு என்று ஏய்த்தவர்கள், அந்த ஏய்ப்பைக் காப்பாற்றிக்கொள்ள நோன்புக்குப் பொத்தான் வைக்க வேண்டியதாயிற்று. அவளுக்குச் சாமி பெரிதாகக் கிடையாது. ஆனால் அந்த நிமிஷத்தில் எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் தேங்காய் உடைக்கத் தயாராக இருந்தாள்.

"இப்பத் தவக்காலம் இல்லையே? ஆவணியில என்ன ஒருசந்தி?"

"நேர்ச்ச ஒருசந்தி எப்ப வேணும்னாலும் இருக்கலாம். அதுக்கும் பொத்தான் உண்டு." தெக்லா இஞ்ஞாசியின் போனை எடுத்தாள். எடுத்தவள் அமுக்காமல் கட்டில் மேல் வைத்தாள்.

"என்ன?"

"பொய்யா அமுக்கப்படாது டாக்டர். மாதாவுக்குச் சொன்னாச் சொன்னதுதான். நெசமா இருக்கணும்."

"அவரு ஒழுங்காச் சாப்பிட்டு மூணு நாளாச்சு தெக்லா. இதவிட என்ன ஒருசந்தி வேணும்?"

"அதுக்கில்ல. நீங்க அந்த மாத்திரையச் சாப்பிட்டுத்தான் போடணும்னு சொன்னியளே?"

"மாத்திரை தாரமோ இல்லையோ, வயித்துல ஏதாச்சும் போகணும். ஒருசந்தின்னா ஒரு வேளை சாப்பிடலாம்ல?"

"மத்தியானம் ஒரு நேரம்."

"அது போதும். மத்தியானம் கஞ்சி குடுங்க. முதல்ல பிரஷர் இறங்கட்டும், அதுக்கப்புறம் எவ்வளவு மாத்திரைன்னு நான் பாத்துக்கிடுதேன்."

தெக்லா புருஷனின் கைக் கட்டைவிரலைப் பிடித்துப் போன் திரையில் அழுத்தினாள். 'உங்கள் நேர்ச்சை நிறைவேற வாழ்த்துகிறோம்' என்று போன் பூவோடு வாழ்த்தியது. வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு ரத்த அழுத்தக் கருவியையே பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எண்கள் இறங்க ஆரம்பித்தன. இஞ்ஞாசியின் கைகள் காற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. மதியத்துக்குள் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். ஊரே எழுந்துவிடும் அளவுக்குக் குறட்டை. தெக்லா அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள்.

தானும் பச்சைத் தண்ணீரோடு அன்றைக்கு இருந்துவிட்டாள். கேட்டதற்கு, "அவிய தூங்குதாவ, அவியளுக்கும் சேத்து நான் இருக்கேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி பொத்தான், அப்புறம் ஒவ்வொரு நாளும். வடிவு மாத்திரையைப் பாதியாக்கி, அதிலும் பாதியாக்கி, கால் வலி திரும்பாமல் முடித்துவைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்தாம் நாள் இஞ்ஞாசி எழுந்து உட்கார்ந்து, தெக்லாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பசிக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை வடிவு திட்டம் போட்டுச் செய்யவில்லை. ரெத்தினம் நெஞ்சு படபடக்கிறது என்று வந்தார். இன்னொருவரை, ரெண்டு வருஷமாக வீட்டில் சிரித்ததே இல்லை என்று பெண்டாட்டி இழுத்து வந்தாள். இன்னொருவருக்குப் பிரஷர். வடிவு இப்போது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்பதில்லை, நேராகப் புஜத்தைத் தடவிப் பார்த்தாள். சீட்டில் என்ன எழுதுவதென்று முதலில் கூசினாள். அப்புறம் கூச்சம் போய்விட்டது. 'நேர்ச்சை ஒருசந்தி, பத்து நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படித்த படிப்புக்கு இப்படி ஒரு சீட்டு எழுதுவோம் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

ஊரில் பக்தி பெருகியது. ஆர்.சி.காரர்கள் ஒருசந்தி, முஸ்லிம்கள் விருப்பப்பட்டு இருக்கும் நபில் நோன்பு, மற்றவர்கள் முருகனுக்கு விரதம். திருச்செந்தூர்க்காரர் ஒருவர் சஷ்டி இல்லாத நாளில் சஷ்டி விரதம் இருந்தார். நெய்தல் முனையத்தில் கண் சொக்கிய கிரேன்காரர்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து முகம் கழுவினார்கள், டீ குடித்தார்கள், மனிதர்களைப்போல மெதுவாக வேலை செய்தார்கள். கப்பல்கள் வெளியே காத்துக் கிடந்தன.

பிரசன்னா மறுபடி வந்தார். இந்தத் தடவை பழக்கூடை இல்லை.

"சீட்டுல சாமி பேரை எழுதறீங்க மேடம். இது வைத்தியமா?"

"உணவைப் பத்தி நான் பேசக் கூடாதுன்னு உங்க வக்கீல் சொன்னாரே. விரதத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னாரா?"

அவர் காரில் ஏறிப் போனார். சென்னையில் கூட்டம் போட்டிருக்க வேண்டும். நோன்புப் பொத்தானை எடுத்தால் ஊரில் கலவரமே வரும், எடுக்காவிட்டால் கப்பல் நகராது. நன்றாகப் படித்த நாலைந்து பேர் உட்கார்ந்து ராப்பகலாக யோசித்து அருமையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

சுற்றறிக்கை ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லார் போனிலும் வந்தது. ரெத்தினம் ஓடிவந்து வடிவிடம் காட்டினார். 'சத்து வில்லை உணவு வகையில் இருந்து நீக்கப்பட்டு, இன்று முதல் மருந்து என வகைப்படுத்தப்படுகிறது. தோல் வழியே செல்லும் மருந்து எந்த மதத்தின் நோன்பையும் முறிக்காது என்பதால், நோன்பு விலக்கு இனி தேவையில்லை.'

வடிவு அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸெல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"எதுக்கும்மா சிரிக்கிய? பொத்தானப் புடுங்கிட்டான்" என்றார் ரெத்தினம்.

"அண்ணாச்சி, அவனே எழுதிட்டான் பாருங்க, மருந்துன்னு. மருந்துன்னா நான் நிறுத்தச் சொன்னா நிறுத்தியாகணும். சட்டம் அப்படித்தான்னு அந்த ஆளே எங்கிட்டச் சொன்னார்."

அவள் அங்கேயே சீட்டை எடுத்தாள். முதல் சீட்டு இஞ்ஞாசிக்கு. இந்தத் தடவை சாமி பேர் இல்லை. மருந்தை நிறுத்துக, டாக்டர் சண்முகவடிவு. எழுதிய கையோடு தெக்லாவைப் போனில் கூப்பிட்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனி தானாகவே வலையில் வந்து விழுந்ததை, அவர்கள் வாயாலேயே மருந்து என்று ஒப்புக்கொண்டதை, இனிமேல் இஞ்ஞாசி உடம்பில் அந்தக் கண்றாவி ஒரு சொட்டுக் கூட இறங்காது என்பதை.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று வடிவு போனைப் பார்த்தாள்.

"தெக்லா? கேக்குதா? ஜெயிச்சிட்டோம்."

"கேக்குது டாக்டர்." குரல் மெலிந்து, நிதானமாக வந்தது. "ஆறு வருசமா அவிய உடம்புல ஓடுனது மருந்துதானா?"

"ஆமா."

"சீக்காளிக்குக் குடுக்க மருந்து?"

"ஆமா தெக்லா."

"அவியளுக்கு என்ன சீக்கு இருந்துச்சுன்னு குடுத்தானுவ?"

வடிவு மேஜை மேல் கிடந்த இஞ்ஞாசியின் சீட்டை எடுத்துப் பார்த்தாள். நோய் என்று அச்சடித்திருந்த இடத்தில் அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.